டோர் பேட் கிளிப் துளைக்குள் போகிறது, ஆனால் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?

ஸ்விஃப்ட்2012:
முன் இடது கதவில் டோர் பேட் (கதவின் உட்பக்க பிளாஸ்டிக் உறை) கீழ் மூலையில் விலகி நிற்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் கடகட சத்தம். கழற்றியதில் 3 கிளிப் கதவின் இரும்புத் தகட்டிலேயே நின்றுவிட்டன, 2 கழுத்தில் உடைந்தன. "எல்லா வண்டிக்கும் வரும்" என்று வாங்கிய கிளிப் துளைக்குள் சுலபமாகப் போகிறது, இழுத்தால் அதே சுலபத்தில் வெளியே வருகிறது. ஒரு சைஸ் பெரிதாகப் போடலாமா? பசை வைத்து ஒட்டிவிடலாமா?

பாடிஷாப்:
பசை வேண்டாம் சார். நாளைக்கு விண்டோ மோட்டாருக்காகப் பேடைக் கழற்ற வேண்டி வந்தால் பேடே உடையும்.

உங்கள் கிளிப்பில் தப்பு பெரும்பாலும் தடிமனில் இல்லை, தண்டின் நீளத்தில் இருக்கும். கிளிப்பின் முள் தகட்டைத் தாண்டி உள்ளே போய் விரிந்தால்தான் பிடிக்கும். தண்டு குட்டையாக இருந்தால் முள் துளைக்குள்ளேயே நின்றுவிடும், பிடி இருக்காது. நீளமாக இருந்தால் பிடிக்கும், ஆனால் பேடுக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து மறுபடி சத்தம் வரும்.

உடையாத பழைய கிளிப் ஒன்றை எடுத்து வெர்னியரில் (மி.மீ. துல்லியமாக அளக்கும் கருவி) அளந்துகொள்ளுங்கள்: தகட்டுத் துளையின் விட்டம், கழுத்தில் உள்ள வாஷரிலிருந்து முள்ளின் அகலமான இடம் வரை தண்டின் நீளம், தலையில் இருக்கும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுவார்கள். பேடின் பின்னால் உள்ள பிளாஸ்டிக் மேடையில் கிளிப் மாட்டுவது அந்த இடைவெளியில்தான். அளக்க முடியாவிட்டால் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஒரிஜினல் கேளுங்கள். கதவில் எத்தனை துளை என்று எண்ணி, அதற்கு மேல் 3 சேர்த்து வாங்குங்கள். நைலான் வருடக்கணக்கில் வெயிலில் வெந்து மொறுமொறுப்பாகிவிடும். உடையாமல் வந்தவையும் அதே வயதுதானே, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

திருகாணி:
தகட்டில் நிற்கும் தண்டை உள்ளே தள்ளிவிடாதீர்கள். கதவுக்குள் விழுந்து உருளும், அடியில் இருக்கும் வடிகால் ஓட்டையையும் அடைக்கும். நோஸ் பிளேயரால் முள்ளை இரண்டு பக்கமும் அமுக்கி வெளியே இழுக்க வேண்டும்.

மாட்டும்போது முதலில் எல்லா கிளிப்பையும் பேடில் மாட்டிவிடுங்கள். ஸ்விட்ச் கனெக்டர், லாக் கேபிள் இரண்டையும் இணைத்து, கண்ணாடி ஏறி இறங்குகிறதா, உள் கைப்பிடி கதவைத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேடின் மேல் விளிம்பைக் கண்ணாடி ஓரத்தில் தொங்கவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கிளிப்பும் தன் துளைக்கு நேரே நிற்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்து, கிளிப் இருக்கும் இடத்திலேயே உள்ளங்கையால் ஒரு தட்டு. சரியாக உட்கார்ந்தால் 'டக்' என்று கேட்கும். கேட்காத இடத்தில் ஓங்கி அடிக்காதீர்கள், தண்டு மடங்கியிருக்கும். புதுக் கிளிப் விறைப்பாக இருந்தால் சில நிமிடம் வெந்நீரில் போட்டு எடுங்கள், வளைந்து கொடுக்கும்.

ஸ்விஃப்ட்2012:
நன்றி. அளந்து பார்த்தேன், வாங்கியது 3 மி.மீ. குட்டை. இன்னொரு சந்தேகம்: பேடில் ஒரு மேடையே விரிசல் விட்டிருக்கிறது. எபாக்சி பிடிக்குமா?

பாடிஷாப்:
பேடின் பின்பக்கம் பிளாஸ்டிக்கின் பெயர் அச்சாகியிருக்கும், அதைப் பாருங்கள். ஏபிஎஸ் என்றால் சொரசொரப்பாகத் தேய்த்துவிட்டு எபாக்சி போடலாம். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன் என்றால் எபாக்சி சில நாளில் ஓடுபோலக் கழன்று வரும். அதற்குச் சால்டரிங் அயர்னால் விரிசலின் இரு கரையையும் உருக்கி, அதே ரக பிளாஸ்டிக் துண்டை நிரப்பி இணைக்க வேண்டும். நுனியை ஆழமாக இறக்கினால் முன்பக்கத்தில் தழும்பு தெரியும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், புகை கெடுதல்.

திருகாணி:
கிளிப்பின் கழுத்தில் ஃபோம் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கதவுக்குள் மழைநீர் இறங்குவது சகஜம். அது துளை வழியாக பேடுக்கு வராமல் தடுப்பது அந்த வாஷர்தான். தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருந்தால் அதையும் பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) ஓரம் முழுக்க ஒட்டிவிடுங்கள். கீழ் ஓரத்தில் இடைவெளி விட்டால் முதல் மழையிலேயே கால்மிதி நனையும்.