பரணிலிருந்து இறங்கிய தட்டுகள்

குழு: திருவையாற்று வீடு

நான்: சித்தப்பா, தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இன்று பரணிலிருந்து இறக்கினோம். நாற்பது இசைத்தட்டுகளுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கிறது. மருந்துக்கடை ஸ்பிரிட் வாங்கித் துடைத்துவிடலாமா?

சித்தப்பா: வேண்டாம் தம்பி. முதலில் தட்டுகளை இரண்டாகப் பிரி. கனமாக, லேபிளில் 78 (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) என்று அச்சிட்டிருப்பவை பெரும்பாலும் அரக்குத் தட்டுகள். 33⅓ அல்லது 45 சுற்றில் ஓடுகிற, சற்றே வளைந்துகொடுக்கிற தட்டுகள் வினைல். அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். கல்லூரி நாட்களில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தோடித் தட்டு ஒன்றை நானே அப்படித் துடைத்தேன்; கையிலிருந்த பஞ்சு கறுத்தது, துடைத்த இடம் மங்கிப்போனது, அதன் பிறகு அங்கே இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அத்தை: தண்ணீரில் கழுவலாமா அண்ணா?

சித்தப்பா: கழுவலாம் அம்மா, ஆனால் நம் வீட்டு போர் தண்ணீர் வேண்டாம், அது காய்ந்தால் உப்பு, தட்டில் ஊசி ஓடுகிற பள்ளத்தில் படிந்து கரகரக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் நல்லது. தம்பி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, திண்ணையில் வைத்து, மென்மையான பிரஷ்ஷால் பூஞ்சையை உலர்வாகவே தட்டிவிடு. பிறகு ஒரு லிட்டர் நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு மட்டும் கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, பள்ளம் போகிற வட்டத்திலேயே துடை. குறுக்கே தேய்த்தால் தூசியே தட்டைக் கீறிவிடும். லேபிள் நனையக்கூடாது. அரக்குத் தட்டை ஊறவைக்காதே. கடைசியாக வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒருமுறை துடைத்து, நிழலில் நிறுத்தி வைத்து உலர்த்து.

அக்கா: உறைகளில் தாத்தா நீல மையால் தேதி எழுதியிருக்கிறாரே, அவற்றையும் தூக்கிப்போட வேண்டுமா?

சித்தப்பா: வேண்டாம் அம்மா, அவற்றை வெளியே நன்றாக உலர்த்தித் தனிப் பையில் வை. தட்டுகளுக்குப் புதிய உறை போடுங்கள். பழைய உறைக்குள் திரும்ப வைத்தால் பூஞ்சை மறுபடி ஏறும். தட்டுகளைப் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்குங்கள், படுக்கவைத்தால் வளைந்துவிடும்.

நான்: என்னிடம் இருப்பது எல்பி ஊசி, அதாவது 33⅓ சுற்று வினைல் தட்டுக்கான ஊசி மட்டும்தான். அதில் 78-ஐ ஓட்டலாமா?

சித்தப்பா: கூடாது. 78-இன் பள்ளம் ஏறத்தாழ மூன்று மடங்கு அகலம். உன் ஊசி அடியில் கிடக்கும் அழுக்கில் உரசும். என்னிடம் 78 ஊசி இருக்கிறது, சனிக்கிழமை கொண்டுவருகிறேன். அதுவரை எதையும் ஓட்டாதே.