"கிண்ணியா" மட்டும் ஆச்சரியக்குறியோடு அச்சாவது ஏன்?

கொட்டியாரம்:
சி மொழியில் ஒரு ப்ரோக்ராம் எழுதுகிறேன். ஃபைலில் வரிக்கு ஒரு ஊர்: திருகோணமலை, கிண்ணியா, மூதூர், சம்பூர். ஒவ்வொன்றையும் எஃப்கெட்ஸால் வாசித்து, நியூலைனை நீக்கி, ஸ்ட்ர்லென் எண்ணித் தரும் நீளத்துக்கு மலொக்கால் நினைவகத்தில் இடம் எடுத்து, ஸ்ட்ர்கொப்பியால் பிரதி பண்ணுகிறேன். உபுண்டு 64 பிட், ஜிசிசி கொம்பைலர். மூன்று ஊர் சரி. இரண்டாவது மட்டும் "கிண்ணியா!" என்று வருகிறது. ஃபைலில் அந்தக் குறியே இல்லை.

உப்புவெளி:
தம்பி, நாலுமே பிழை. மூன்று தப்பியிருக்கு, அவ்வளவுதான். சொல் எங்கே முடிகிறது என்று காட்ட சி கடைசியில் வைக்கும் முடிவுப் பூச்சியத்தை ஸ்ட்ர்லென் எண்ணாது. ஸ்ட்ர்கொப்பி அதையும் எழுதும். ஒவ்வொரு தடவையும் ஒரு பைட் நீங்கள் கேட்ட இடத்துக்கு வெளியே போகுது.

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். கிண்ணியா கண்ணுக்கு 4 எழுத்து. மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் பிரித்தால் 8 குறியீடு, 24 பைட். ஜிலிப்சியின் (உபுண்டுவில் உள்ள சி நூலகம்) மலொக் 24 கேட்டால் மிச்சமில்லாமல் 24தான் தரும். 30 கேட்ட திருகோணமலைக்கு 40 கிடைக்கும். 18 கேட்ட மூதூருக்கும் 21 கேட்ட சம்பூருக்கும் 24. அங்கெல்லாம் பூச்சியத்துக்கு இடமிருந்தது. கிண்ணியாவின் 25ஆவது பைட்டோ மலொக் அடுத்து வெட்டித் தரும் நினைவகத் துண்டின் அளவைக் குறிக்கும் இடம். மூதூருக்கு மலொக் கேட்டதும் உங்கட பூச்சியத்துக்கு மேல் 33 விழுந்தது: துண்டின் அளவு 32 (24உம் அளவைக் குறிக்கும் 8உம்), முந்திய துண்டு பாவனையில் என்பதற்கு 1. ஆஸ்கியில் 33தான் ஆச்சரியக்குறி.

ஸ்ட்ர்லென்னோடு 1 கூட்டுங்கோ. மலொக் நல் (இடம் இல்லை என்பதற்கான வெற்று முகவரி) தந்ததா என்று பார்த்த பிறகு பிரதி எடுங்கோ.

கொட்டியாரம்:
இடமெடுத்துப் பிரதியும் பண்ணும் ஸ்ட்ர்டப் போட்டால் இந்தக் கணக்கு வேண்டாம்தானே, அண்ணை? நாலையும் கமாவோடு ஒரே வரியாக்கவும் வேணும்.

தம்பலகாமம்:
ஓம், அந்த 1ஐ ஸ்ட்ர்டப்பே சேர்க்கும். சி23 என்ற பதிப்பில் சி மொழியின் நியமத்துக்குள்ளும் வந்துவிட்டது. எடுத்த இடத்தை ஃப்ரீ பண்ணுவது (திருப்பிக் கொடுப்பது) உங்கட பொறுப்பு.

ஒரே வரிக்கு: 30, 24, 18, 21 கூட்டினால் 93, கமா 3, பூச்சியம் 1, ஆக 97 பைட். முதலே கூட்டி ஒரே மலொக்காக எடுப்பதுதான் நல்லம். எடுத்த இடத்தை ரீஅலொக்கால் வளர்த்தால் விடையை வேறு பொயின்டரில் (முகவரி வைக்கும் மாறி) வாங்குங்கோ. பழைய பொயின்டரிலேயே போட்டு நல் வந்தால், முந்திய இடத்தின் முகவரியும் தொலைஞ்சிடும், பிறகு ஃப்ரீ பண்ணவும் வழியில்லை. அளவுக்காகப் பொயின்டரில் சைஸ்ஒஃப் போடாதேங்கோ, எந்த ஊருக்கும் பொயின்டரின் சொந்த அளவான 8தான் வரும். சொன்ன பைட் எண்ணிக்கையோடு பிரதியை நிறுத்தும் ஸ்ட்ர்என்கொப்பியும் வேண்டாம்: 20 பைட்டுக்குள் திருகோணமலையைப் போட்டால் "ண" மூன்றில் இரண்டு பைட்டோடு அறுந்து நிற்கும், முடிவுப் பூச்சியமும் இராது.

நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கொம்பைல் பண்ணி உங்கட பழைய கோடை ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ. கிண்ணியா வரைக்கும் போகாது; திருகோணமலையிலேயே, 30 பைட் பகுதி முடிந்த இடத்தில் எழுதியதாகச் சொல்லி நிறுத்தும்.