உறைபனியில் முகாம்: குடிதண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?
நண்பர்களே, அடுத்த மாதம் நான்கு பேர் மூன்று இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம், ராத்திரி மைனஸ் 10 டிகிரி வரை இறங்குமாம், ஓடை உறைந்திருந்தால் பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டும். போன முறை வெறும் பாத்திரத்தில் பனியை அள்ளிப் போட்டு அடுப்பில் வைத்ததில் அடி தீய்ந்து தண்ணீரெல்லாம் தீய்ந்த வாடை. முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது என் பெரிய கவலை கேஸ். புதுப் பனி 10 லிட்டர் உருக்கினால் கிட்டத்தட்ட 1 லிட்டர்தான் தேறும், பியூட்டேன் சிலிண்டரோ இந்தக் குளிரில் சரியாக எரியாது. நீங்கள் என்ன அடுப்பு, எவ்வளவு எரிபொருள் கொண்டு போவீர்கள்? அப்புறம், தண்ணீர் வடிகட்டும் ஃபில்டருக்குள் ஈரம் உறைந்துவிட்டால் அதை நம்ப முடியாது என்பதால் ராத்திரி தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்கிறேன். பகலில் நடக்கும்போது எப்படிக் காப்பாற்றுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், கூட வருபவர்களில் இரண்டு பேர் புதியவர்கள்.