அட்ரியானோப்பிள் போரில் ரோமானிய அதிகாரி தசைக்கவசம் அணிந்திருந்தாரா?

இரும்புப்பட்டறை:
நண்பர் தூரிகை நேற்று ஓர் ஓவியத்தைப் பதிந்து, "கி.பி. 378இல் அட்ரியானோப்பிளில் கோத் இனத்தாரோடு போரிட்ட ரோமானிய ட்ரிபியூன் (படைப்பிரிவுத் தலைவர்), துல்லியமான மீட்டுருவாக்கம்" என்று அதன் கீழே எழுதியிருக்கிறார். துல்லியம் என்று படித்ததும் எனக்கு எரிச்சல் வந்ததை மறைக்க விரும்பவில்லை. மார்பிலும் வயிற்றிலும் தசைமடிப்புகள் புடைத்து நிற்கும் வெண்கலத் தசைக்கவசத்தை அந்த அதிகாரிக்கு மாட்டிவிட்டிருக்கிறார். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய கவசம் மண்ணிலிருந்து ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. இத்தாலியின் மோன்சா பேராலயத்திலுள்ள தந்தச் சிற்பத்தில் பெரும்படைத்தலைவர் ஸ்டிலிக்கோ வேலைப்பாடு நிறைந்த அங்கியும், குறுக்குவில் வடிவ ஊசியால் தோளில் பிணைத்த மேலாடையும் அணிந்து, ஈட்டியும் கேடயமும் வாளுமாக நிற்கிறார். கவசம் எங்கே?

தூரிகை:
அதே தந்தச் சிற்பத்தின் மற்றொரு பலகையில் அவருடைய மனைவி செரீனாவும் மகன் யூக்கேரியுஸும் நிற்பதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? குடும்பத்தோடு அரசவைக் கோலத்தில் நிற்பவரைக் காட்டிப் போர்க்களத்து உடைக்குச் சான்று என்கிறீர்கள். இத்தாலியின் ஆவோஸ்தாவில் உள்ள 406ஆம் ஆண்டுத் தந்தப் பலகையில் பேரரசர் ஹொனோரியுஸ் தசைக்கவசத்தோடு நிற்கிறார். கான்ஸ்டாண்டிநோப்பிளில் நின்ற பேரரசர் ஆர்க்கேடியுஸின் வெற்றித்தூண் இடிக்கப்படுவதற்கு முன், பதினாறாம் நூற்றாண்டில் வரையப்பட்ட படங்களிலும் அக்கவசம் உண்டு. ரோமில் சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயத்தின் ஐந்தாம் நூற்றாண்டு மொசைக்குகளிலும் உண்டு. இத்தனை கலைஞர்களும் கூடிப் பேசிப் பொய் சொன்னார்களா?

இரும்புப்பட்டறை:
கோயில் வாயிலில் நிற்கும் துவாரபாலகருக்கு நான்கு கைகள் இருப்பதால், சோழர் காலத்துக் காவலர்களுக்கும் நான்கு கைகள் இருந்தன என்று எழுதுவீர்களா? கிரேக்கர் காலத்திலிருந்து வந்த வீரக்கோலத்தைச் சிற்பிகள் வழிவழியாகச் செதுக்கினார்கள், அவ்வளவே. அதிலும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஆள் ஹொனோரியுஸ். வாழ்நாளில் ஒருமுறைகூடப் போர்க்களத்தில் படை நடத்தாத பேரரசர். கவசம் ஒன்றைக் காட்டுங்கள். சிற்பத்தில் வேண்டாம், உலோகத்தில் காட்டுங்கள்.

ஏடகம்:
துவாரபாலகரின் கையிலுள்ள கதாயுதம் மெய்யான ஆயுதந்தான் என்பதை இரும்புப்பட்டறை மறந்துவிட்டார். அது நிற்க. பேரரசர் கிரேஷியன் காலத்திலிருந்து காலாட்படை கவசத்தைக் கைவிட்டது என்று ரோமானியப் போர்க்கலை நூலாசிரியர் வெகெட்டியுஸ் எழுதியதை இதே நண்பர் சென்ற விவாதத்தில் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு எங்களைக் கேலி செய்தார். அட்ரியானோப்பிள் போர் நடந்தது கிரேஷியன் ஆட்சிக் காலத்தில்தான். அந்தப் போரில் ரோமானியர் பசியோடும் தாகத்தோடும் கவசங்களின் பாரத்தால் தளர்ந்திருந்ததாக, தாமே படை அதிகாரியாக இருந்த அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் எழுதுகிறார். 363இல் பேரரசர் ஜூலியன் கவசத்தை மறந்து விரைந்ததனாலேயே ஈட்டிக்கு இரையானார் என்பதும் அவர் தரும் செய்தியே. தலைமை தாங்குவோர் கவசம் அணிவதே வழக்கமாக இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இரும்புப்பட்டறை:
கவசமே அணியவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? அணிந்தது இரும்பு வளையங்களைக் கோத்த வளையக் கவசமோ, மீன்செதில் போல் தகடுகளை அடுக்கிய செதிற்கவசமோதான் என்கிறேன். சிரியாவிலுள்ள டூரா யூரோப்போஸில், மூன்றாம் நூற்றாண்டில் மதிலுக்கடியில் தோண்டிய சுரங்கத்தில் மடிந்தவனின் எலும்புக்கூட்டின் மேலேயே வளையக் கவசம் கிடைத்தது. தெசலோனிக்காவில் பேரரசர் கலேரியுஸின் வெற்றி வளைவில் வீரர்கள் செதிற்கவசம் அணிந்திருக்கிறார்கள். தசைக்கவசம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. வெகெட்டியுஸ் பற்றிய பழைய கணக்கைத் தீர்க்க விரும்பினால் தனி இழை தொடங்குங்கள்.

புதுமுகம்:
ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். அதிகாரி என்று இங்கே குறிக்கப்படுபவர் பேரரசரா, பெரும்படைத்தலைவரா, ட்ரிபியூனா? அதை முதலில் வரையறுத்துக்கொண்டால் நல்லது என்று தோன்றுகிறது.

தூரிகை:
கலேரியுஸ் வளைவு மட்டும் எப்படிச் சான்றாகிறது? தங்களுக்குப் பிடித்த கவசம் இருந்தால் சிற்பி உண்மை பேசுவார், பிடிக்காத கவசம் இருந்தால் பழைய வார்ப்பைப் பார்த்துச் செதுக்குவார் போலும். என் அதிகாரி அணிந்திருப்பது வெண்கலம் என்று நான் எங்கும் எழுதவில்லை. பொன்னிறம் பூசிய கெட்டித்தோலாக இருக்கலாம். தோல் மக்கிப்போகும்; அதனால்தான் கிடைக்கவில்லை.

இரும்புப்பட்டறை:
இதற்காகத்தான் காத்திருந்தேன். 1910இல் நெதர்லாந்தில் டெர்னே அருகே சதுப்பு நிலத்தில், வெள்ளித் தகட்டில் பொன்முலாம் பூசிய குதிரைப்படைத் தலைக்கவசம் கிடைத்தது. அதோடு 319 வரையிலான நாணயங்களும் தோல் காலணியும் கிடைத்தன. காலணியின் தோல் மக்கவில்லை, கவசத்தின் தோல் மட்டும் மக்கிவிட்டதா? லைடன் அருங்காட்சியகத்தில் அந்தத் தலைக்கவசத்தின் முன் நின்று பார்த்தவன் நான். இணையத்தில் படம் பார்த்து வரைபவன் அல்லேன்.

ஏடகம்:
கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றதற்கு வாழ்த்துகள். அதே சதுப்பில் வளையக் கவசமும் கிடைக்கவில்லை, செதிற்கவசமும் கிடைக்கவில்லை என்பதை அங்கே கவனித்தீர்களா? தங்கள் தருக்கப்படி அந்தக் குதிரைவீரர் வெற்று மார்போடு சவாரி செய்திருக்க வேண்டும்.

இரும்புப்பட்டறை:
வளையக் கவசம் வேறு இடங்களில் கிடைத்திருக்கிறது. தசைக்கவசம் எங்கும் கிடைக்கவில்லை. இதை எத்தனை முறை எழுதுவது? மேலும், அந்த ஓவியத்தில் தலைக்கவசத்தின் மேல் காதுக்குக் காது குறுக்காக நிற்கும் சிவப்புக் குஞ்சம், முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய செஞ்சூரியனிடமிருந்து (நூற்றுவர் தலைவனிடமிருந்து) கடன் வாங்கியது. ஹங்கேரியில் உள்ள இன்டர்சிசா என்ற ரோமானியக் கோட்டையில் கிடைத்த இரும்புத் தலைக்கவசம் ஒன்றின் முகடு நெற்றியிலிருந்து பிடரிக்குச் செல்கிறது.

தூரிகை:
தலைக்கவசத்துக்குப் பொன்னிறம் தீட்டியதைப் பற்றி மூச்சு விடவில்லையே! பேரரசர் வாலண்டினியனின் பொன்னும் மணியும் இழைத்த தலைக்கவசம் 368இல் அதைச் சுமந்த பணியாளோடு சதுப்பில் மறைந்ததை அம்மியானுஸ் எழுதியிருக்கிறார். 30 நாளில் ஒரு தொழிலாளி எத்தனை தலைக்கவசங்களுக்குப் பொன், வெள்ளித் தகடு போர்த்த வேண்டும் என்று 374ஆம் ஆண்டுச் சட்டமே வரையறுக்கிறது. அதைச் சரியாக வரைந்தவனுக்குக் கவசம் மட்டும் தெரியாமல் போய்விடுமா?

இரும்புப்பட்டறை:
தலைக்கவசம் சரி என்று நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் கன்னத்தகடுகளைப் பற்றி இன்னும் பேசவே தொடங்கவில்லை.

புதுமுகம்:
நான் கேட்ட கேள்விக்கு யாரும் விடை தரவில்லை.

ஏடகம்:
தம்பி, இரும்புப்பட்டறை இருக்கும் இழையில் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு.

தூரிகை:
அட்ரியானோப்பிளில் 35 ட்ரிபியூன்கள் மடிந்தார்கள். அத்தனை பேரும் என்ன அணிந்திருந்தார்கள் என்று நண்பருக்கு நேரில் தெரியும் போலிருக்கிறது. அடுத்து, அதே போரில் வீழ்ந்த தளபதி செபாஸ்டியானுஸை வரையப்போகிறேன். அவருக்கும் தசைக்கவசந்தான்.

இரும்புப்பட்டறை:
தாராளமாக வரையுங்கள். அந்தக் கவசம் எந்த அகழாய்வில் கிடைத்தது என்பதையும் படத்தின் கீழே எழுதிவிடுங்கள். கன்னத்தகடுகளைப் பற்றி நாளை எழுதுகிறேன்.