ஆஸ்திரேலியாவுல விம்மெரா பக்கம் (விக்டோரியா மாநிலத்தோட மேற்குப் பகுதி) போனவங்க உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

மெல்பர்ன்ல இருந்து அடிலெய்டுக்கு கார்ல போறவங்க முக்காவாசி பேர் ஹார்ஷம்ல பெட்ரோல் போட்டு ஒரு காபி குடிச்சிட்டு ஓடிருவோம், நானும் மூணு தடவ அப்படித்தான். போன நவம்பர்ல தான் வண்டிய மெயின் ரோட்ட விட்டு மர்ட்டோவா ஊருக்கு திருப்பினேன், அங்க ஸ்டிக் ஷெட்னு ஒரு பழைய கோதுமை குடோன். தகரக் கொட்டகைல என்னத்த பாக்கப்போறோம்னு சலிச்சுக்கிட்டே தான் உள்ள போனது. போனதும் வாய மூடிட்டேன். 560 மவுன்டன் ஆஷ் (ஒரு வகை யூகலிப்டஸ்) மரம், அறுக்காம செதுக்காம முழு மரமாவே நட்டு வச்சிருக்கு, வரிசை கால் கிலோமீட்டருக்கு மேல போகுது, கூரை வழியா அங்கங்க மட்டும் வெளிச்சம் விழுது. நம்ம ஆயிரங்கால் மண்டபத்துல தூணுக்கு தூண் சிற்பம் நம்மள நிறுத்தும், இங்க நிறுத்த ஒண்ணுமே இல்ல, ஆனாலும் நின்னுட்டேன்.

1941ல யுத்த நேரம், கோதுமைய வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாம தேங்கிப் போச்சு, இரும்புக்கும் தட்டுப்பாடு, அதான் மரத்த நட்டாங்களாம். எனக்கு ரொம்ப பிடிச்சது கூரை தான்: தானியத்த குவிச்சா அம்பாரம் எந்த சரிவுல நிக்குமோ அதே சரிவுல போட்டிருக்காங்க. 90,000 டன்னுக்கு மேல பிடிக்குமாம்!

——

அப்படியே வடக்க ப்ரிம் ஊரு வரைக்கும் போயிருக்கலாமே பாஸ். நாலு பழைய சைலோ (தானியம் கொட்டி வைக்கிற கோபுரம்) மேல நாலு விவசாயிங்க படம், 30 மீட்டர் உயரம், ஓவியர் கைடோ வான் ஹெல்டன் 2016 ஆரம்பத்துல வரைஞ்சு முடிச்சது. யாரு முகத்துலயும் சிரிப்பு இல்ல, மழை இல்லாத வருஷத்த பாத்த முகம். அத பாத்துட்டு தான் சுத்துவட்டாரத்துல ஷீப் ஹில்ஸ், ரூபன்யப்னு ஊரு ஊரா சைலோவுக்கு பெயின்ட் அடிக்க ஆரம்பிச்சாங்க. நாங்க போனப்போ ஈ தொல்லை தாங்கல, போட்டோல பாதி நான் கைய வீசுறது தான்.

——

டிம்பூலா பிங்க் லேக்க நம்பி பசங்கள கூட்டிட்டுப் போனேன். உப்பும் தண்ணி அளவும் பொறுத்து கலர் மாறுமாம், நாங்க போன அன்னைக்கு சுத்தமா வெள்ளை. பசங்க கத்தின கத்துக்கு திரும்பி வர்ற வழியில டேட்ஸ்வெல்ஸ் பிரிட்ஜ்ல அந்த 14 மீட்டர் கோலா சிலைய காட்டி தான் சமாளிச்சேன். அதுக்கப்புறம் லேக்க பத்தி யாரும் பேசல.