மைனை இன்னும் ஒரு லெவல் ஏற்றுவதா, காலனியில் கட்டுவதா?

செங்கோள்:
ஓகேம் (கோள்களில் சுரங்கமும் விண்கப்பல் படையும் வளர்க்கும் ஆன்லைன் விளையாட்டு) ஆடுபவர்களிடம் ஒரு கேள்வி. என் முதல் கோளில் மெட்டல் மைன் 29இல் நிற்கிறது. 30க்கு ஏற்ற 76.7 லட்சம் மெட்டலும் 19.2 லட்சம் கிரிஸ்டலும் கேட்கிறது. காலனி, அதாவது பிறகு பிடித்த கோள், நான்கு இருக்கிறது, எல்லாவற்றிலும் மெட்டல் மைன் 15தான். எத்தனை காலனி வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அஸ்ட்ரோபிசிக்ஸ் ஆய்வு 7. முதல் கோளில் ரோபோட்டிக்ஸ், நானைட் தொழிற்சாலைகள் இருப்பதால் வேலை வேகமாக நடக்கிறது, பாதுகாப்புக்கும் ஒரே இடத்தைப் பார்த்தால் போதும், அதனால் அதையே ஏற்றிக்கொண்டு வந்தேன். ஆனால் ஒவ்வொரு லெவலுக்கும் விலை ஒன்றரை மடங்காகிக்கொண்டே போகிறது, எங்கே நிறுத்துவது என்று பிடிபடவில்லை. புதுக் காலனி போடலாமா? அதற்கு அஸ்ட்ரோபிசிக்ஸ் 9 வேண்டும், அதன் விலையும் குறைவில்லை.

அப்புறம் கப்பலிலும் இதே குழப்பம். ஆயுதம், கேடயம், கவசம் மூன்று ஆய்வும் 10இல் இருக்கிறது. 11க்கு ஏற்றுவதா, அந்த வளத்தில் பேட்டில்ஷிப் கட்டுவதா?

விண்கணக்கன்:
விலையை மட்டும் பார்த்தால் முடிவே வராது. போட்ட வளம் எத்தனை நாளில் திரும்பி வரும் என்று பாருங்கள். மெட்டல் மைனின் விலை 1.5இன் அடுக்காக ஏறுகிறது, உற்பத்தியோ 30 × லெவல் × 1.1இன் லெவல் அடுக்கு, அவ்வளவுதான். விலை ஓடுகிற வேகத்துக்கு உற்பத்தி எந்தக் காலத்திலும் ஈடுகொடுக்காது.

1 மடங்கு வேகம் உள்ள யூனிவர்ஸ் (கேம் சர்வர்) என்று வைத்துக்கொள்வோம். மெட்டல், கிரிஸ்டல், டியூட்டீரியம் மூன்று வளத்தையும் 3:2:1 என்ற வழக்கமான வீதத்தில் மெட்டலாக மாற்றிக் கணக்குப் போட்டால், 9இலிருந்து 10க்கு ஏற்றியது சுமார் 22 மணி நேரத்தில் திரும்பிவிடும். 19இலிருந்து 20க்கு ஏற்றினால் 14 நாள். நீங்கள் கேட்கிற 29இலிருந்து 30க்கு 231 நாள்! மொத்தம் 1.05 கோடி மெட்டலுக்குச் சமமானதைக் கொட்டி, மணிக்கு 1,900 மெட்டல்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

இப்போது உங்கள் காலனிகளில் ஒன்றை எடுங்கள். 15இலிருந்து 20 வரை ஐந்து லெவலையும் ஏற்ற 3.46 லட்சம் மெட்டல், 87 ஆயிரம் கிரிஸ்டல். மெட்டல் கணக்கில் 4.76 லட்சம். உற்பத்தி மணிக்கு 1,880இலிருந்து 4,036 ஆகும், அதாவது 2,150க்கு மேல் கூடுகிறது. 22இல் ஒரு பங்கு செலவில் அந்த 30ஆம் லெவலைவிட அதிக வரவு, அதுவும் ஒரே காலனியில். நான்கையும் ஏற்றினால் 19 லட்சம் போல ஆகும், மணிக்கு 8,600 கூடும். அதனால் புதுசு போடுவதா என்று யோசிப்பதற்கு முன்னால் இருக்கிற நான்கையும் 20, 21 வரை கொண்டுவாருங்கள்.

அதற்கு அப்புறம்தான் அஸ்ட்ரோபிசிக்ஸ். 8, 9 இரண்டும் சேர்ந்து மெட்டல் கணக்கில் 39 லட்சம் வாங்கும். புதுக் கோளில் மெட்டல் மைனை 20 வரை கட்டி, அதற்கு மின்சாரம் தரும் சோலார் பிளான்ட்டையும் 16 வரை கட்ட இன்னொரு 7 லட்சம். மொத்தம் 46 லட்சம், மணிக்கு 4,036 வரவு, 47 நாளில் திரும்பிவிடும். இதில் அந்தக் கோளின் கிரிஸ்டலையும் டியூட்டீரியத்தையும் நான் சேர்க்கவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க: ஒரு மெட்டல் மைனை 24இலிருந்து 25க்கு ஏற்றினால் 56 நாள் ஆகும். ஆக எந்தக் கோளிலும் 25ஐத் தொடுவதற்கு முன்னால் அடுத்த காலனி, அதுதான் என் கணக்கு.

ஒளியாண்டு_7:
மேலே சொன்னது எல்லாம் சரி, நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கோளில் ஒரு சமயத்தில் ஒரு கட்டடம்தான் கட்ட முடியும். மெட்டல் மைன் 30ஐ ரோபோட்டிக்ஸ் 10, நானைட் 1 வைத்துக்கொண்டு கட்டினாலும் 7 நாளுக்கு மேல் ஓடும், அதுவரை அந்தக் கோளில் வேறு எந்தக் கட்டடத்தையும் தொட முடியாது. காலனியில் ரோபோட்டிக்ஸ் 5 மட்டும் இருந்தாலே 16 முதல் 20 வரை எல்லாம் சேர்த்து 29 மணி நேரம்தான், அதுவும் நான்கு கோளிலும் ஒரே சமயத்தில் நடக்கும்.

இன்னொன்று, 76 லட்சம் மெட்டலை எங்கே வைத்துச் சேர்ப்பீர்கள்? ஸ்டோரேஜ் 10 என்றால் கொள்ளளவு 53.55 லட்சம், நிறைந்ததும் மைன் நின்றுவிடும். 11 கட்டியாக வேண்டும். அத்தனை வளம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது என்று உளவில் தெரிந்தால் யாராவது வராமல் இருக்க மாட்டார்கள், ஜெயித்தால் பாதி வரை அள்ளிக்கொண்டு போவார்கள். பாதுகாக்க ஒரு கோள் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள், நான் அதை அப்படியே திருப்பிச் சொல்வேன்: அடித்தால் ஒரே கோளில் எல்லாம் போகும். சின்னச் சின்னதாக உடனுக்குடன் செலவழித்துவிட்டால் எடுத்துப் போக ஒன்றும் இருக்காது.

செங்கோள்:
இவ்வளவு வித்தியாசம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. காலனிகளில் மின்சாரம் இப்போதே சரியாக இழுத்துப்பிடித்து ஓடுகிறது. ஐந்து லெவல் ஏற்றினால் தாங்குமா? சோலார் சாட்டிலைட் போட்டுச் சமாளிக்கலாமா?

விண்கணக்கன்:
தாங்காது. மெட்டல் மைன் 15க்கு 627 எடுக்கும், 20க்கு 1,346. மின்சாரம் பற்றாக்குறை ஆனால் அந்தக் கோளின் மூன்று மைனும் சேர்ந்து குறையும், அதனால் முதலில் சோலார் பிளான்ட், பிறகு மைன், இந்த வரிசையில் போங்கள். அந்த லெவலில் சோலார் பிளான்ட் ஒன்றும் பெரிய செலவில்லை. சாட்டிலைட் அவசரத்துக்கு ஓகே, ஆனால் தாக்குதல் வந்தால் அது உடையும், சோலார் பிளான்ட் உடையாது. கிரிஸ்டல் மைன் விலை 1.6இன் அடுக்காக ஏறும் என்பதால் அதை மெட்டலைவிட இரண்டு மூன்று லெவல் பின்னால் வையுங்கள்.

நெபுலா காவலன்:
கப்பல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஒவ்வொரு ஆய்வு லெவலும் கூட்டுவது அடிப்படை அளவில் 10 சதவீதம்தான், ஏற்கெனவே இருப்பதன் மேல் இல்லை. 10இல் உங்கள் கப்பல் அடிப்படையைப் போல இரண்டு மடங்கு, 11இல் 2.1 மடங்கு, ஆக உண்மையான முன்னேற்றம் 5 சதவீதம். மூன்று ஆய்வையும் 11 ஆக்க 20.5 லட்சம் மெட்டல், 8.2 லட்சம் கிரிஸ்டல், கூட்டினால் 28.7 லட்சம். மூன்றும் 5 சதவீதம் கூடுவது, தோராயமாக, கப்பல் எண்ணிக்கை 5 சதவீதம் கூடுவதற்குச் சமம். 28.7 லட்சம் உங்கள் படையின் மதிப்பில் 5 சதவீதமாக இருக்க வேண்டுமென்றால் படை 5.7 கோடி இருக்க வேண்டும். பேட்டில்ஷிப் ஒன்று 60 ஆயிரம், எனவே 950 பேட்டில்ஷிப் அளவு. அதற்குக் கீழே இருந்தால் கப்பல் கட்டுங்கள், மேலே போனால் ஆய்வு.

அந்த 950 என்ற எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் நான் ஆய்வைத்தான் எடுப்பேன். கப்பல் ஒரே சண்டையில் போய்விடலாம், ஆய்வை யாராலும் அழிக்க முடியாது, அது எல்லாக் கோளிலும் நிற்கிற பாதுகாப்புக் கருவிகளுக்கும் சேர்த்தே பலன் தரும்.

செங்கோள்:
என் படை அந்த அளவில் பாதிகூட இல்லை, அப்படியானால் கப்பல்தான். முதல் கோளை 29இலேயே நிறுத்திவிட்டு இன்று இரவே நான்கு காலனியிலும் சோலார் பிளான்ட்டைத் தொடங்குகிறேன்.

ஒளியாண்டு_7:
ரோபோட்டிக்ஸ் 5 எல்லாக் காலனியிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத இடத்தில் சோலார் பிளான்ட்டுக்கும் முன்னால் அதைக் கட்டுங்கள், ஐந்து லெவலும் சேர்த்து 12,400 மெட்டல், 3,720 கிரிஸ்டல், 6,200 டியூட்டீரியம்தான்.