பிள்ளைக்கு வயிற்றில் புழு, நாயை விரட்டச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

கொழுந்துக்கூடை:
பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறோம். ஆறு வயது மகளுக்கு மலத்தோடு நீளமாக வெள்ளைப் புழு விழுந்தது, டிஸ்பென்சரியில் குளிசை கொடுத்தார்கள், சரி. ஆனால் பக்கத்துக் காம்பராக்காரர்கள் (அடுத்த வீட்டுக்காரர்கள்) எல்லாம் நாய்க்குட்டியால்தான் வந்தது, டவுனில் கொண்டுபோய் விடு என்கிறார்கள். குட்டிக்கு இரண்டு மாதம், வயிறும் உப்பலாகத்தான் இருக்கிறது. மகளோ அதை விட்டு நகரமாட்டாள். உண்மையிலேயே நாயால்தான் வந்ததா?

மலைமுகடு:
அக்கா, நீளமான வெள்ளைப் புழு என்றால் பெரும்பாலும் மனிதருடைய வட்டப்புழுதான். அது மனித மலத்திலிருந்து மண், கீரை, கழுவாத கை வழியாக வருவது. நாயின் வட்டப்புழு நம் குடலில் அப்படி வளராது. அதன் குஞ்சுகள் உடம்புக்குள் அலையும், சில நேரம் கண்ணுக்குக்கூடப் போய்விடும், அது வேறு கதை. அதற்காக நாய் சுத்த அப்பாவி என்றும் சொல்லமாட்டேன். அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஆராய்ந்தபோது நாய் மலத்தில் மனிதரின் புழு முட்டையே கிடைத்தது, வெளியில் கிடக்கும் மனித மலத்தைத் தின்று அப்படியே சுமந்து வந்திருக்கிறது. ஆக முதலில் கேட்கவேண்டியது உங்கள் லயத்து மலசலகூடம் எப்படி இருக்கிறது என்பதை. நாயை விரட்டச் சொல்பவர்கள் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய் அதைக் கேட்கட்டுமே.

மழைக்காடு:
குட்டியின் வயிறு உப்பலுக்குப் புழுதான் முதல் சந்தேகம். தாய் வயிற்றிலேயே தொற்றிவிடும், அதனால்தான் இரண்டு வாரக் குட்டியிலிருந்தே மருந்து கொடுக்கத் தொடங்குகிறார்கள். மிருக வைத்தியரிடம் காட்டி எடைக்கேற்ற மருந்து வாங்குங்கள், மகளுக்குக் கொடுத்த குளிசையில் மிச்சத்தைக் கிள்ளிப் போடாதீர்கள். குட்டியின் மலத்தை அன்றன்றே அள்ளுங்கள். வட்டப்புழு முட்டை மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்தால்தான் தொற்றும், அதனால் அள்ளுவது வீண் வேலை இல்லை. ஆனால் நாய்க் குடலில் இருக்கும் இன்னொரு புழுவான கொழுக்கிப்புழு அவ்வளவு பொறுக்காது, நம் ஈர மண்ணில் ஒரு வாரத்திலேயே குஞ்சு தயாராகி வெறுங்காலில் ஏறிவிடும். இலங்கையின் பழைய பெயரான சிலோனை விஞ்ஞானப் பெயரிலேயே வைத்திருக்கும் ஒரு நாய்க் கொழுக்கிப்புழு மனிதக் குடலிலும் வளர்ந்து இரத்தம் குடிக்கும். பிள்ளைக்குச் செருப்புப் போட்டுப் பழக்குங்கள்.

பீலிக்கரை:
எல்லாம் சரி, லயத்தில் மற்ற நாய்களுக்கு யார் மருந்து கொடுப்பது? ஒரு குட்டிக்கு மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமே திரும்ப வரும். டவுனில் விட்டாலும் அங்கேயும் பிள்ளைகள்தானே இருக்கிறார்கள்.

கொழுந்துக்கூடை:
எங்கள் வரிசையில் மட்டுமே ஐந்தாறு நாய் உண்டு அண்ணே. சனிக்கிழமை வைத்தியரிடம் போகும்போது எல்லாவற்றுக்கும் சேர்த்தே கேட்கிறேன், காசுக்குத்தான் பக்கத்துக் காம்பராக்காரர்களிடம் பேசவேண்டும்.